டிராக்டர் குட்டி போடாது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் கவுண்டி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே புல் அறுப்புக் காலத்தில் ஒரு விநோதமான காட்சியைப் பார்க்கலாம். நாலைந்து கோவேறு கழுதைகளோ குதிரைகளோ வரிசையாகப் பூட்டப்பட்டு வயலில் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் வருவது மர வண்டி இல்லை. காய்ந்த புல்லை அள்ளி, அமுக்கி, கயிறு போட்டுக் கட்டித் துப்புகிற பேலர் மெஷின். அதன் மேல் ஒரு டீசல் என்ஜின் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பேலரின் உள்ளே இருக்கும் பாகங்களைச் சுற்றுவது அந்த என்ஜின்தான். ஆனால் சக்கரத்தை அது சுற்றாது. வண்டியை நகர்த்துவது விலங்குகளின் வேலை.

எந்த என்ஜினியரும் இதைப் பார்த்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: அவ்வளவு பெரிய என்ஜினைத் தூக்கி மேலே வைத்தாயிற்று, ஒரு செயினைச் சக்கரத்துக்கும் போட்டுவிட்டால் கதை முடிந்ததே? அந்தச் செயினைப் போடுவது அவர்களுக்கு ஒரு மதிய வேலை. போடமாட்டார்கள். பல பத்தாண்டுகளாகப் போடவில்லை. ஏன் என்பதற்குப் பதில் வேண்டுமென்றால், உழவுக்குதிரையின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்குக் குதிரை உழவு மிருகமே கிடையாது. அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரை, கல்யாண ஊர்வலம், மெரினாவில் போட்டோவுக்கு நிற்கும் குதிரை, அவ்வளவுதான். நமக்கு ஏர் என்றால் மாடு. இதற்கு உடற்கூறிலேயே ஒரு காரணம் உண்டு. நம் ஊர் மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடியைக் கொண்டுபோய் அதற்கு முன்னால் வைத்தால் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு கட்டை, இரண்டு கயிறு, வேலை முடிந்தது. குதிரைக்கு அப்படி எதுவும் இல்லை. அது தோளால் தள்ளுகிற மிருகம். 'இழுக்கிறது' என்று நாம் சொன்னாலும் உண்மையில் குதிரை தன் முன்னாலிருக்கும் ஒரு பட்டையின் மீது சாய்ந்து உடம்பைத் தள்ளுகிறது. அந்தப் பட்டை தொண்டையில் அமுக்கினால் மூச்சு நிற்கும், தோளெலும்பில் தவறான இடத்தில் உரசினால் புண்ணாகும்.

அந்தப் பட்டைக்கான விடை, உள்ளே அடைத்துத் தைத்த கழுத்து வளையம். அது சீனாவில் முதலில் உருவாகி, ஐரோப்பாவில் 9, 10-ஆம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு பரவியது. லஃபெவ்ர் தெ நோயெத் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி 1931-இல் ஒரு புத்தகம் எழுதி, பண்டைய ரோமானியர்களின் சேணம் குதிரையின் குரல்வளையை நெரித்தது, அதனால்தான் அவர்களால் குதிரையைக் கனமான வேலைக்குப் பயன்படுத்த முடியவில்லை என்று வாதிட்டார். இது ரொம்ப காலம் பாடப்புத்தக உண்மையாக இருந்தது. பிறகு 1970களில் ழான் ஸ்ப்ரூய்த் என்பவர் அந்தப் பழைய சேணங்களைத் தானே செய்து, குதிரைக்குப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். குதிரைக்கு மூச்சு முட்டவில்லை. நோயெத் சிற்பங்களையும் ஓவியங்களையும் தவறாகப் படித்து, இரண்டு வேறு வகைச் சேணங்களைக் கலந்து ஒன்றாக்கியிருந்தார் என்பது தெரியவந்தது. நாற்பது வருடம் அறிஞர்கள் மேற்கோள் காட்டிய ஒரு விஷயத்தை ஒருவர் வயலில் இறங்கி டெஸ்ட் செய்து முடித்துவைத்தார் என்பதில் எனக்கு ஒரு தொழில்முறைச் சந்தோஷம் உண்டு.

இங்கிலாந்திலேயேகூடக் குதிரை ஒரேயடியாக ஏரை ஜெயித்துவிடவில்லை. ஜான் லாங்டன் என்ற வரலாற்றாசிரியர் இடைக்கால இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குகளைத் தோண்டி 1986-இல் எழுதிய நூல், குதிரையும் எருதும் பல நூற்றாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்ததைக் காட்டுகிறது. குதிரை வேகமாக நடக்கும், ஆனால் தானியம் கேட்கும். எருது மெதுவாகப் போகும். புல்லைத் தின்றுவிட்டு உழைக்கும், வயதானால் கறிக்கும் விலை போகும். எது லாபம் என்பது மண்ணைப் பொறுத்தது, நிலத்தின் அளவைப் பொறுத்தது. நாம் நினைக்கிற மாதிரி 'மேலான தொழில்நுட்பம் வந்தது, பழையது போனது' என்ற நேர்க்கோடு அங்கே இல்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். நான் படித்ததிலேயே என்னை அதிகம் ஆச்சரியப்படுத்திய தகவல் இது: 19-ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வர வர அங்கே குதிரைகள் குறையவில்லை, கூடின. ஜான் டீயர் எஃகுக் கலப்பையை 1837-இல் செய்தார். மெக்கார்மிக் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கு 1834-இல் காப்புரிமை வாங்கினார். விதைக்கும் கருவி, களை எடுக்கும் கருவி, கட்டு கட்டும் கருவி என்று ஒவ்வொன்றாக வந்தன. இவை எல்லாவற்றையும் யார் இழுப்பது? குதிரைதான். ரயில் வந்தபோதும் இதே கதை; ஸ்டேஷனில் இறங்கிய சரக்கை ஊருக்குள் கொண்டுபோக முன்னைவிட அதிகக் குதிரைகள் தேவைப்பட்டன. கருவிகள் கனமாக ஆக, குதிரைகளும் கனமாக வேண்டியிருந்தது. பிரான்ஸின் பெர்ஷ் வட்டாரத்திலிருந்து பெர்ஷெரான், அப்புறம் பெல்ஜியன், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் என்று 800, 900 கிலோ எடையுள்ள இனங்கள் கப்பலில் வந்து இறங்கின. வாஷிங்டன் மாநிலத்தின் கோதுமைக் குன்றுகளில் ஒரே ஒரு கதிர் அறுக்கும் மெஷினை 30-க்கும் மேற்பட்ட குதிரைகளோ கோவேறு கழுதைகளோ சேர்ந்து இழுத்தன. அந்தப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு ஆள், கையில் வாரைப் பிடித்தபடி, முன்னால் ஒரு சின்ன ரயில் நீளத்துக்கு விலங்குகள்.

1915-ஐ ஒட்டிய வருடங்களில் இது உச்சத்தைத் தொட்டது. நாடு முழுக்கக் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமாக சுமார் 2.6 கோடி. அவற்றுக்குத் தீவனம் விளைந்த நிலம் சுமார் 9 கோடி ஏக்கர். அறுவடையான மொத்த நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு விலங்குக்கு மூன்றரை ஏக்கர். 80 ஏக்கர் பண்ணையில் ஆறு குதிரை வைத்திருப்பவர் 21 ஏக்கரை 'எரிபொருளுக்கு' ஒதுக்குகிறார் என்று அர்த்தம்.

இந்தக் கால் பங்கு ஞாபகத்தில் இருக்கட்டும். டிராக்டருக்கு ஆதரவான மிகப் பெரிய வாதமே இதுதான்: அந்த நிலம் மனிதர்களுக்கு மிச்சம். இன்னொன்றும் உண்டு. குதிரை வேலை செய்யாத நாளிலும் தின்னும். அந்தக் காலத்துப் பண்ணைக் கணக்குகளின்படி வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால் ஒரு குதிரை நாளுக்கு 3 மணி நேரத்தைச் சுற்றித்தான் உழைத்தது. மீதி நேரம் தின்றது, தூங்கியது, சாணி போட்டது. எங்கள் பாஷையில் சொன்னால், ஆஃப் செய்ய முடியாத சர்வர்.

ஓட்டுகிறவன் பாடு தனி. 12 அங்குல அகலச் சால் ஓட்டும் ஒற்றைக் கலப்பையில் ஒரு ஏக்கர் உழ எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? கணக்குப் போட்டால் 13 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. காலையில் எழுந்து தீவனம் வைத்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, பூட்டி, 13 கிலோமீட்டர் உழவு மண்ணில் நடந்து, திரும்ப அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, தோளில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கழுத்து வளையம் செருப்பு மாதிரி, ஒரு குதிரையுடையது இன்னொன்றுக்குச் சேராது. அடியில் தொண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவு இடைவெளி வேண்டும். வேலைக் காலத்தில் குதிரை இளைக்கும், இளைத்தால் வளையம் தளர்ந்து உரசும், உரசினால் புண், புண் வந்தால் விதைப்புக் காலத்தில் ஒரு வாரம் போச்சு. குதிரை விவசாயத்தை 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள் இந்தத் தோளைத் தடவிப் பார்க்கிற வேலையைப் போடுவதில்லை.

ஆனாலும் டிராக்டர் உடனே ஜெயித்துவிடவில்லை. ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் 1917-இல் வந்தது. 1922-இல் அதன் விலை 395 டாலர் வரைக்கும் இறங்கியது. லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் அது உழும், அவ்வளவுதான். முளைத்து நிற்கும் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே போய்க் களை எடுக்க அதனால் முடியாது. கலப்பை கல்லில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரைக் கொன்றதும் உண்டு. குதிரை இந்த இடத்தில் வேறு மாதிரி. ஜேம்ஸ் வாட் தன் நீராவி என்ஜினை விற்பதற்காகக் குதிரைத்திறன் என்ற அளவைக் கொண்டுவந்தபோது, ஒரு குதிரை மணிக்கணக்கில் தொடர்ந்து செய்யக்கூடிய வேலையைத்தான் கணக்கில் எடுத்தார். சில விநாடிகளுக்கு மட்டும் என்றால் ஒரு நல்ல குதிரையால் 15 குதிரைத்திறன் வரைக்கும் கொடுக்க முடியும். சகதியில் சக்கரம் மாட்டினால் அந்தச் சில விநாடிகள்தான் தேவை. கல் தட்டினால் குதிரை தானே நின்றுவிடும் என்பது இன்னொரு வசதி.

ஆகவே விவசாயிகள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். டிராக்டர் தன்னிடம் இல்லாததை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்தது. 1924-இல் பயிர் வரிசைக்குள் நுழையக்கூடிய ஃபார்மால். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் டயர். 1939-இல் ஃபெர்குசனின் ஹைட்ராலிக் மும்முனைப் பூட்டு. ஒவ்வொரு அப்டேட்டிலும் குதிரைக்கு மிச்சமிருந்த ஒரு வேலை போனது. 1954-இல்தான் அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை குதிரை, கோவேறு கழுதைகளின் எண்ணிக்கையை முதன்முறையாகத் தாண்டியது. ஃபோர்ட்சன் வந்து 37 வருடம் கழித்து! 1960-இல் மிஞ்சியிருந்தவை சுமார் 30 லட்சம்.

குதிரை சும்மா போகவும் இல்லை. 1919-இல் அமெரிக்கக் குதிரைச் சங்கம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் வேன் டின்ஸ்மோர், ஒரே ஆள் ஆறு, எட்டு, பன்னிரண்டு குதிரைகளைப் பூட்டி ஓட்டும் முறைகளை ஊர் ஊராகச் செயல்விளக்கம் செய்து காட்ட ஏற்பாடு செய்தார். கூலி ஆள் செலவுதான் பிரச்சினை என்றால் அதைக் குதிரையாலேயே குறைக்கலாம் என்பது வாதம். சங்கம் இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னது: டிராக்டர் ஓட்ஸ் தின்னாது. விவசாயி தன் விளைச்சலின் மிகப் பெரிய வாடிக்கையாளரைத் தானே வெளியேற்றுகிறான். சங்கத்துக்குச் சொந்த ஆதாயம் இருந்தது உண்மைதான், குதிரை வியாபாரிகளும் சேணம் செய்பவர்களும் அதன் பின்னால் இருந்தார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது நடந்தது. தீவனம் விளைந்த கோடிக்கணக்கான ஏக்கர் சந்தைக்கு விற்கும் பயிருக்குத் திரும்பியது, விளைச்சல் கூடியது, ஏற்கெனவே 1920-இல் சரிந்திருந்த விலை எழவே முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். விலை குறைந்ததால் இன்னும் அதிக ஏக்கர் ஓட்ட வேண்டும், அதற்கு டிராக்டர் வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். பக்கத்து வயல்காரர் தோற்றால் அவர் நிலத்தை வாங்கவேண்டும். 1935-இல் 68 லட்சம் பண்ணைகள் இருந்த நாட்டில் இன்று 19 லட்சம்.

குதிரைகள் எங்கே போயின? 1920களில் இல்லினாயின் ராக்ஃபோர்டில் ஒரு கம்பெனி குதிரைக்கறியை டப்பாவில் அடைத்து நாய் உணவாக விற்கத் தொடங்கியது. கென்-எல் ரேஷன் என்று பெயர். அமெரிக்காவில் டப்பா நாய் உணவு என்ற தொழிலே பெரிதானது இந்த வேண்டாத குதிரைகளின் மேல்தான். பக்கத்தைத் திருப்பிவிடுகிற வேகத்தில் படித்துவிடக்கூடிய வரி இது. ஆனால் பத்து, பதினைந்து வருடம் ஒரே குடும்பத்துக்கு உழுத விலங்கு அது. ஓட்டியவனுக்கு அதன் பெயர் தெரியும்.

இந்த இடத்தில்தான் ஆமிஷ்கள் வருகிறார்கள். 1693-இல் யாகோப் அம்மான் என்பவர் பின்னால் பிரிந்துபோன கிறிஸ்தவப் பிரிவு. சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளிலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள். அவர்களை 'தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள்' என்று சொல்வது சோம்பேறித்தனம். லங்காஸ்டர் ஆமிஷ்களில் சிலர் டிராக்டர் வந்த புதிதில் வாங்கி ஓட்டிப் பார்த்தவர்கள். பார்த்துவிட்டு, 1920களில் சபை வேண்டாம் என்று முடிவெடுத்தது. முழுதாகவும் இல்லை: கொட்டகைப் பக்கம் டிராக்டரை நிறுத்தி வைத்து பெல்ட் மாட்டி மெஷின் ஓட்டிக்கொள்ளலாம். வயலுக்குள் இறக்கக்கூடாது. சக்கரம் இரும்பாக இருக்க வேண்டும். ரப்பர் டயர் போட்டால் அது ரோட்டில் ஓடும், ரோட்டில் ஓடினால் டவுனுக்குப் போகும், அப்புறம் அது கார்தானே!

டொனால்ட் கிரேபில் என்ற சமூகவியலாளர் இந்த விதிகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் கோமாளித்தனமாகத் தெரியும் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பேரம் இருக்கிறது என்பதை அவரிடமிருந்துதான் புரிந்துகொண்டேன். வயலில் டிராக்டர் இறங்கினால் ஒரு குடும்பம் 80 ஏக்கருக்குப் பதில் 300 ஏக்கர் ஓட்ட முடியும். அப்படியென்றால் பக்கத்து மூன்று குடும்பங்கள் வேறெங்கோ போகவேண்டும். அறுப்புக்கு ஆள் வேண்டியிருக்காது. குதிரை வண்டித் தூரத்துக்குள் சபை இருக்காது. அதனால் குதிரையை அவர்கள் ஒரு வேகக்கட்டுப்பாட்டுக் கருவியாக வைத்திருக்கிறார்கள். புல் காய்ந்த அன்றே மழைக்கு முன் கட்டியாக வேண்டும் என்பது நியாயமான தேவை, ஆகவே பேலரில் என்ஜின் வைத்துக்கொள்ளலாம். சக்கரத்துக்குச் செயின் போடுவது வேறு விஷயம். அது அடுத்த குடும்பத்தின் வயலுக்குள் போகிற செயின்.

எங்கள் துறையில் ஒரு வசதியைச் சேர்க்கும்போது 'இது வேலை செய்கிறதா, எவ்வளவு வேகம்' என்று டெஸ்ட் எழுதுவோம். 'இது வந்தபிறகு யாருக்கு யார் தேவைப்படமாட்டார்கள்' என்று எழுதிய டெஸ்ட்டை நான் பார்த்ததில்லை.

இதை வைத்து ஆமிஷ்களைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. விதியை மீறுகிறவரை ஊரே ஒதுக்கி வைக்கிறது. அந்த விலையைச் சேர்க்காமல் குதிரையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு பேசுவது நேர்மையில்லை.

ஆனால் ஒரு நல்ல காரியம் அவர்களால் நடந்தது. கருவி செய்யும் கலை சாகவில்லை. பெரிய கம்பெனிகள் குதிரைக் கலப்பை செய்வதை நிறுத்தியபிறகு, ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் ஆமிஷ் பட்டறைகள் அதைத் தொடர்ந்தன. புதிய எஃகு, புதிய பேரிங், சில சமயம் ஹைட்ராலிக் கூட. 1994 முதல் அவர்கள் வருடாவருடம் நடத்தும் குதிரைக் கருவிக் கண்காட்சிக்கு ஆமிஷ் அல்லாதவர்களும் வருகிறார்கள். 1976-இல் ஓரிகனில் லின் மில்லர் குதிரை விவசாயத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். எழுத்தாளர் வெண்டல் பெர்ரி கென்டக்கியில் குதிரை வைத்து உழுதபடியே 1977-இல் நவீன விவசாயத்தின் மேல் தன் குற்றப்பத்திரிகையை நூலாக எழுதினார்.

சரி, இன்றைக்கு இதெல்லாம் தாங்குமா? பழைய கால் பங்குக் கணக்குக்குத் திரும்பலாம். அமெரிக்காவில் இன்று சுமார் 9 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் விளைகிறது. அந்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனாலாகிக் கார்களின் டாங்கிக்குள் போகிறது. அதில் மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகத் திரும்பி வருவதைக் கழித்துக்கொண்டாலும், கோடிக்கணக்கான ஏக்கர் இன்னும் வண்டிக்குத்தான் விளைகிறது. குதிரையிடமிருந்து மீட்ட நிலம் முழுக்க மனிதனின் தட்டுக்கு வந்துவிடவில்லை.

அப்புறம், அந்த மூன்றரை ஏக்கர் சும்மா தொலைந்ததும் இல்லை. குதிரைக்கு ஓட்ஸும் காய்ந்த புல்லும் வேண்டும், புல்லில் க்ளோவரோ அல்ஃபால்ஃபாவோ இருக்கும். அல்ஃபால்ஃபா வேறெதுவுமில்லை, நம் விவசாயிகள் குதிரைமசால் என்கிறார்களே, அதுதான். வேரில் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் பயிர். குதிரை இருந்தவரை மக்காச்சோளம், ஓட்ஸ், கோதுமை, புல் என்று வயல் சுற்றிக்கொண்டே இருந்தாக வேண்டும். சாணியும் வயலுக்கே திரும்பும். 1921-இல் அமெரிக்காவில் சுமார் 4.5 கோடி ஏக்கரில் ஓட்ஸ் அறுவடையானது. இன்று 10 லட்சம் ஏக்கரை ஒட்டித்தான். அந்த இடத்தை மக்காச்சோளமும் சோயாவும் பிடித்துக்கொண்டன, நைட்ரஜன் மூட்டையில் வருகிறது.

மண் இறுகுவது பற்றியும் ஒரு வார்த்தை. குதிரைக்குளம்பு மெத்தென்று மிதிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள்; அப்படியில்லை, குளம்பின் பரப்பு சின்னது, சதுர அங்குலத்துக்கு அழுத்தம் அதிகம்தான். வித்தியாசம் வேறு இடத்தில். குளம்பு அங்கங்கே பதிந்து போகிறது, மேல்மண்ணோடு நிற்கிறது. பல டன் எடையுள்ள டிராக்டரின் சக்கரம் தொடர்ச்சியான தடம் போடுகிறது, அந்த எடை கலப்பை எட்டாத ஆழம்வரை மண்ணை இறுக்குகிறது. பிரான்ஸின் பர்கண்டியில் ரோமானே-கோன்டி திராட்சைத் தோட்டத்தில் குதிரையை வைத்து உழுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று அங்கிருந்துதான் வருகிறது. குதிரை உழவின் கணக்கு நேராவதற்கு ஒரு பாட்டில் எவ்வளவு விலை போகவேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

கோதுமைக்கு அந்த விலை கிடைக்காது. 800 கோடிப் பேருக்குக் குதிரை உழுது சோறு போடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். காய்கறித் தோட்டம், திராட்சை, டிராக்டர் ஏறாத சரிவு, காட்டுக்குள் மரம் இழுப்பது, பத்து இருபது ஏக்கர் கலப்புப் பண்ணை: இங்கெல்லாம் அது இன்றைக்கும் நிற்கிறது. இன்னொரு இடமும் உண்டு என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் நிறைந்த டிராக்டரைச் சொந்தக்காரரே ரிப்பேர் செய்துகொள்ள வழி வேண்டும் என்பதற்காக 2023-இல் கொலராடோ மாநிலம் சட்டம் போடவேண்டியிருந்தது. பெண்குதிரையிடம் அந்தப் பிரச்சினை இல்லை. உழுதுகொண்டே, பதினோரு மாதம் சுமந்து, தனக்கு மாற்றையும் அதுவே ஈன்று தருகிறது.

லங்காஸ்டரில் மட்டும் இப்போது வேறொன்று நடக்கிறது. ஆமிஷ் மக்கள்தொகை சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி இன்று நாடு முழுக்க சுமார் 4 லட்சம். நிலம் இரட்டிப்பாகவில்லை, விலைதான் ஏறியது. பிள்ளைகள் ஏழெட்டு இருக்கும் வீட்டில் பண்ணை ஒருவனுக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் தச்சுப் பட்டறை, கட்டட வேலை, மரச்சாமான் கடை என்று போகிறார்கள். பல ஊர்களில் நிலத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இப்போது சிறுபான்மை. சிலர் குதிரைக் கலப்பை செய்யும் பட்டறையில் வெல்டிங் செய்கிறார்கள். வேலைக்கு வண்டியில்தான் வருகிறார்கள், ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி. பகல் முழுக்க அது பட்டறைக்குப் பின்னால் நிழலில் கட்டிக்கிடக்கிறது.